இருமலைக் கழுவ ஒரு தொட்டி

"ஆத்தா, கிளச்சை மெதுவா விடு. தட்டு ஒடஞ்சுரும்."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் காதில் விழுந்த அறிவுரை இதுதான். வண்டி அணைந்துவிடும் என்றோ, பின்னால் பஸ் வருகிறது என்றோ, ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மா சொல்லவில்லை. மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதில் இரண்டு பழைய இசைத்தட்டுகள், ஒரு துண்டு, பிரியாணி பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாள் ஒரு சுருள். மூன்றையும் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் என் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நாற்பத்திரண்டு வயதில் சின்னமனூர் வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டிரைவிங் ஸ்கூல். நடத்துகிறவர் ஒரு பெண் என்று பார்த்ததும் சேர்ந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது, நல்ல உயரம், காட்டன் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. மற்றவர்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே வெறும் ரோட்டில் சொல்லிக்கொடுத்தவர், என்னை மட்டும் தேனிக்கும் கம்பத்துக்கும் ஓட்ட வைத்தார். எனக்கு ஓட்டுவதற்கு ரோடு வேண்டியிருந்தது. அவருக்கு, மடியில் பையோடு போய்வர, வண்டியோட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் ஒரு தொட்டி தேடிக்கொண்டிருந்தார்.

தொட்டிக்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எதையும் போட்டுப் பார்க்காமல் அவர் வாங்கமாட்டார். "போட்டுப் பாத்துருவோம்" என்பது அவர் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும். குக்கர் வாங்கத் தேனிக்குப் போனபோது வீட்டிலிருந்தே அரைக் கப் துவரம்பருப்பைக் கவரில் கட்டிக் கொண்டுபோனாராம். பக்கத்து டீக்கடை அடுப்பில் மூன்று விசில் வைத்து, பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்து, "ஒரு பக்கம் வேகல" என்று அடுத்த குக்கரை எடுக்கச் சொன்னாராம். நாலாவது குக்கர் தேறியபோது கடையில் வேலை பார்த்த பெண்களெல்லாம் பருப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். கோடையில் குடை வாங்கினார். மழைக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிகிற நேரம் பார்த்து அதன் கீழே போய்க் குடையை விரித்துக்கொண்டு நின்றார். மெத்தைக் கடையில் அரைமணி நேரம் அசந்து தூங்கி எழுந்து, காத்துக்கொண்டிருந்த பையனிடம் ரொம்ப வருத்தத்தோடு, "இதுல கனவு சரியா வரல தம்பி" என்றாராம். இதை அந்தக் கடைக்காரரே என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒருநாள் வண்டியில் கேட்டேன். "உங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் பாத்து எடுத்தீங்களா?"

"அவுகளத்தான் போட்டுப் பாக்க விடலையே. அதுக்கப்புறம்தான் ஒண்ணையும் விடுறதில்லைன்னு வச்சுக்கிட்டேன்."

அவருக்கு ஒரு அக்கா. இரண்டு வயது மூத்தவர். கம்பத்தில் இருந்தார். இருவரும் தினமும் காலையில் போனில் பேசுவார்கள். குழம்பு, மருமகள், முட்டிவலி எல்லாம் பேசி முடித்தபின், போனை வைக்கப்போகிற நேரத்தில் ஒருவர் சொல்வார்: "என்ன இருந்தாலும் அந்த இருமல் ஒன்னோடதுதான்." இன்னொருவர், "ஒன்னோடது" என்பார். போன் வைக்கப்படும். இது ஐம்பது வருஷமாக நடக்கிறது. போன் வருவதற்கு முன்னால் நேரில் நடந்திருக்கிறது.

விஷயம் இதுதான். அவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. அவர்கள் படித்த பள்ளியின் பாட்டு டீச்சர் இவர்கள் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, மெட்ராசுக்கு ரயிலில் கூட்டிப்போய், பிரார்த்தனைப் பாட்டுகளைப் பாடவைத்து ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டார். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக். இரண்டாவது பாட்டின் நடுவில், ஒரு அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதற்குள், யாரோ இருமிவிட்டார்கள். தட்டு ஊருக்கு வந்தபிறகுதான் அது தெரிந்தது. யார் என்று டீச்சர் கேட்டார். அக்கா கையை நீட்டித் தங்கையைக் காட்டினார். அன்றோடு தங்கையைப் பாட்டுக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பள்ளி முடிக்கும்வரை அவருக்குப் பெயர் 'இருமல்'.

"நான் இருமவே இல்ல ஆத்தா," என்று அவர் என்னிடம் சொன்னபோது முத்துலாபுரம் விலக்கில் ஒரு மாட்டுவண்டிக்காக நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் தேனி வரும்வரை கியர் மாற்றச் சொல்ல மறந்துவிட்டார். நான் மூன்றாவது கியரிலேயே தேனி போய்ச் சேர்ந்தேன்.

அந்தத் தட்டு ஒன்றுகூட யாரிடமும் மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பள்ளியின் பழைய அலமாரியை உடைத்துப் போட்டபோது ஒன்று கிடைத்தது. அங்கே வேலை பார்த்தவர் கொண்டுவந்து கொடுத்தார். உறை மக்கிப்போய்த் தட்டோடு ஒட்டியிருந்தது. வெள்ளையாகப் பூஞ்சை. ஓரத்தில் குளவி கட்டிய மண்கூடு. ஈரத்துணியால் மெல்ல மெல்ல மண்ணை எடுத்து, பிளேயரில் போட்டுப் பார்த்தார். எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவே தூரத்தில் பிள்ளைகள் பாடுவது கேட்டது. இருமல் வருகிற இடத்தில் ஒரு 'கரக்'. அதற்குப் பின்னால் யாரோ ஏதோ ரகசியமாகச் சொல்வது போல ஒரு புஸ்ஸென்ற சத்தம்.

"அங்கன யாரோ பேசுறாக. கேட்டியா? அது என்னன்னு தெரிஞ்சாப் போதும். யாரு இருமுனதுன்னு தெரிஞ்சுரும்."

துணியும் பிரஷ்ஷும் தட்டின் மேல்பக்கத்தைத்தான் துடைக்கும். கோடுகளுக்குள் ஐம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிற அழுக்கை எடுக்க அல்ட்ராசோனிக் கிளீனர்தான் வேண்டும் என்று வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தார். எவர்சில்வர் தொட்டி, அதில் தண்ணீர், அடியில் நம் காதுக்கு எட்டாத ஒரு அதிர்வு. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் கோடிக்கணக்கான சின்னக் கொப்புளங்கள் தோன்றி வெடித்து இண்டு இடுக்கெல்லாம் கழுவும். தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவிலுள்ள காகிதம் நனையாமல், மெதுவாகச் சுற்றவிட வேண்டும். இப்படி நூறு விதத் தொட்டிகள் விற்கின்றன. எதை வாங்குவது?

இருப்பது ஒரே தட்டு. அதைப் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் உத்தமபாளையத்தில் மைக்செட் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து ஒரு சாக்கு நிறையக் கீறல் தட்டுகளை வாங்கிவந்தார். பையில் எப்போதும் இரண்டு இருக்கும். அலுமினியத் தாள் எதற்கென்றால், அதிர்வு நன்றாக இருக்கிற தொட்டியில் அந்தத் தாளை ஒரு நிமிஷம் தொங்கவிட்டால் முழுக்கப் பொத்தல் விழும். பொத்தல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தால் நல்ல தொட்டி. ஒரே பக்கமாக விழுந்தால் மோசம்.

முதலில் தேனியில் ஒரு கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடி கழுவுகிற சின்ன டப்பா. தாளை முக்கி எடுத்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடையிலிருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பொத்தல்கூட இல்லை. "இதுல கண்ணாடி கழுவுறதுக்குப் பதிலா முந்தானையில தொடச்சுக்கிரலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்து ஒரு நகைக்கடை. பொத்தல் பிரமாதம். தட்டுதான் உள்ளே நுழையவில்லை. அங்கே கழுத்துச் சங்கிலியைக் கழுவக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நகைக்கடையில வந்து பாட்டு கழுவுறாக" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு பல் டாக்டர். குறடு, ஊசியெல்லாம் கழுவுகிற தொட்டி அவரிடம் இருந்தது. பல்வலி இல்லாத ஒருவர் டோக்கன் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போய்ப் பையைத் திறந்தால் அந்த டாக்டர் என்ன செய்வார், பாவம். ஆனால் அந்தப் பெண் டாக்டருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கீறல் தட்டின் விளிம்பை முக்கிப் பார்த்தார்கள். கறுப்பாக அழுக்கு புகை மாதிரி இறங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே கன்னம் வீங்கிய ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"நல்ல தொட்டிதான். ஆனா அத்தன பேரு பல்லுப் போன எடத்துல எங்க பாட்டப் போட மனசு வரல" என்றார் காரில் ஏறியபின்.

கம்பம் பயணம்தான் பெரியது. சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. நான் இரண்டு முறை வண்டியை அணைத்து, ஒரு வேனுக்காரரிடம் ஏச்சு வாங்கி, எப்படியோ வெளியே வந்தேன். கம்பத்தில் குமுளி ஜீப்புகளுக்கு டீசல் பம்பு சரிபண்ணுகிற ஒரு பட்டறை. அங்கிருந்த தொட்டியில் ஒரு ஆளையே உட்காரவைக்கலாம். பட்டறைக்காரர் குமுளிப் பக்கம் வளர்ந்தவர். எல்லாப் பெண்களையும் மலையாளத்து அக்கா முறையில் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"சேச்சி, இது இரும்புச் சாமான் போடுறது. பிளாஸ்டிக் தாங்குமா தெரியாது."

"அதுக்குத்தான வந்திருக்கோம். போட்டுப் பாத்துருவோம்."

கம்பியில் கோத்து ஒரு தட்டை இறக்கினார்கள். தொட்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துத் தூக்கினால், தட்டு நாலு பக்கமும் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி வந்தது. பட்டறைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"போச்சே சேச்சி."

சேச்சியின் முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம். "போகட்டும்ணே. சூடு ஆகாதுன்னு தெரிஞ்சுருச்சுல்ல. இது தெரியாம வீட்டுல அந்தத் தட்டப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" அந்த நெளிந்த தட்டைத் துண்டில் சுற்றிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும்போது திராட்சைத் தோட்டங்களைத் தாண்டுகிறவரை சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் அன்றுதான் முதல் முறையாக நாலாவது கியர் போட்டேன். போட்டது தெரியாமலே போட்டிருந்தேன்.

கடைசியில் ஆன்லைனில் வரவழைத்தார். முதல் தொட்டியில் தாளின் நடுவில் மட்டும் கோழி கொத்தியது மாதிரி பொத்தல். திருப்பி அனுப்பினார். இரண்டாவதைப் போட்டதும் தெருவிலிருந்த நாய்களெல்லாம் வாசலுக்கு வந்து வரிசையாக நின்று ஊளையிட்டன. எங்களுக்கு லேசான ரீங்காரம்தான் கேட்டது. அவைகளுக்கு என்ன கேட்டதோ. அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவதை இறக்கிவைத்த கூரியர்காரர், "அம்மா, நான் பத்து நிமிஷம் இங்கனயே நிக்கட்டுமா?" என்று கேட்டார். நிற்கச் சொல்லி டீ கொடுத்தார். ஆறு லிட்டர் தொட்டி, ஹீட்டரை அணைத்து வைக்கலாம். தாளைத் தூக்கிப் பிடித்தார். சல்லடை மாதிரி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக வெளிச்சப் புள்ளிகள். நாய் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனது.

"இதுதான் ஆத்தா" என்றார். கூரியர்காரர் கைதட்டினார்.

தட்டைச் சுற்றவிட ஒரு மோட்டார் வேண்டும். நிமிஷத்துக்கு மூன்று நாலு சுற்றுக்கு மேல் சுற்றக்கூடாது. அவ்வளவு மெதுவாக இந்த ஊரில் எது சுற்றும் என்று இரண்டு நாள் யோசித்தோம். பைபாஸில் வண்டியை நிறுத்தி நான் ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, திடீரென்று என் கையைப் பிடித்தார். எதிரில் கிரில் சிக்கன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் கம்பியில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் வாட்சைப் பார்த்து எண்ணினார். "மூணே முக்கால்" என்றார். கடைக்காரரிடம் உதிரியாக ஒரு மோட்டார் இருந்தது. வாங்க வந்தவரோ சுத்த சைவம். மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டே அதை வாங்கிவந்து, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, லேத்தில் மெலிதாக ஒரு கம்பி கடைந்து மாட்டினார். சாக்கிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்த்தார். ஒன்றுகூடக் கெடவில்லை. இருபது கழுவியபின் சாக்கு காலியானது.

அப்புறம் ஒரு வாரம் அவர் அந்தத் தொட்டி பக்கமே போகவில்லை.

நான் கேட்டதற்கு, "அதைப் போட்டுப் பாக்குறதுக்கு அதுல இன்னொண்ணு இல்லையே" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிரைவிங் ஸ்கூலில் வண்டிகளுக்கு ஊற்றுகிற பேட்டரி தண்ணீரைக் கேன் கேனாக ஊற்றினார். பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு. விரலை விட்டுப் பார்த்தார். தட்டை மாட்டிவிட்டுச் சுவிட்சை என்னைப் போடச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தட்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மங்கியது, பிறகு டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பூஞ்சை நூல் நூலாகக் கழன்று இறங்கியது. வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை. அலசிக் காயவைத்தபின் வந்து பார்த்தார். தட்டில் அவர் முகம் தெரிந்தது.

பிளேயரில் போடவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார். "பஸ் ஏறி வா. நீ இல்லாம நான் கேக்க மாட்டேன்."

அக்கா மத்தியானம் வந்து சேர்ந்தார். தங்கையை விடக் குள்ளம், பருமன், வாயில் வெற்றிலை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு பெண்களும் பக்கத்து அறையில் பாடுவது போலிருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. இரண்டாவது பாட்டு. பாதியில் ஒரு அடி முடிந்தது. இருமல் வந்தது. தடித்த, அடித்தொண்டை இருமல். உடனே, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு சின்னக் குரல் மூச்சோடு மூச்சாகச் சொன்னது:

"சொல்ல மாட்டேன்க்கா."

பிள்ளைகள் அடுத்த அடியைப் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கை ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். "சொல்ல மாட்டேன்க்கா." ஒன்பது வயதுக் குரல். அவருடைய குரலென்று எனக்கே தெரிந்தது. கிளச்சை விடச் சொல்லும்போது வருகிற இழுவை அந்த 'மாட்டே'யில் அப்படியே இருந்தது.

"நானா சொன்னேன்?" என்று கேட்டார். "எனக்கு ஞாபகமே இல்லையேக்கா."

அக்கா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கும்தான் இல்ல. நீதான் இருமுனேன்னு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன் புள்ள."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொருவாட்டி வையி" என்றார். வைத்தார். இருமல் முடிந்ததும் அக்கா ரொம்பக் கவனமாகச் சொன்னார்: "பதினோரு வயசுல எம்புட்டுக் கெட்டியான இருமல் பாரேன்."

முதலில் சிரித்தது தங்கைதான். பிறகு மூவரும் சிரித்தோம். நிறுத்தப் பார்ப்பதும், யாராவது ஒருவர் ஊசியை வைப்பதும், இருமல் வருவதும், மறுபடி சிரிப்பதுமாக அந்த மத்தியானம் போனது. எத்தனை தடவை கேட்டோம் என்று எனக்குத் தெரியாது. அக்கா உட்கார சீட்டு கிடைக்கும் என்று நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா எனக்குப் போன் செய்தார். அதற்குள் எனக்கு லைசென்ஸ் வந்திருந்தது. "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அவளக் கூட்டிக்கிட்டு எங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க. எதுக்குன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாதுதான ஒங்களுக்கு."

நாங்கள் போனபோது காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. மைதானம் நிறைய நீலப் பாவாடைப் பெண்கள். தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு துண்டுச்சீட்டோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டோம். அக்கா மைக்குக்கு முன்னால் வந்தார். சீட்டைப் பார்க்கவில்லை.

"நான் இங்கன படிச்ச பிள்ளைதான். ஐம்பது வருசத்துக்கு முன்னால இந்தப் பள்ளிக்கூடத்துத் தட்டுல இருமுனது நானு. எந்தங்கச்சி இல்ல. அவ மேல சொன்னது பொய்யி. அவ நல்லாப் பாடுவா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எந்தத் தட்டு, எந்த இருமல்? ஆனால் பட்டுப்புடவை கட்டிய ஒரு பாட்டி வந்து மைக்கில் எதையோ ஒப்புக்கொண்டிருக்கிறாள். முன்வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். அப்புறம் மைதானமே தட்டியது.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அவரும் தட்டத் தொடங்கினார். பிள்ளைகள் நிறுத்தியபின்னும் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடி தட்டினார்கள்.